இரண்டு திரைகளுக்கு நடுவே

1942இல் மைசூர் அக்ரஹாரத்தில், விஷவாயுக் குண்டுக்குப் பயந்து பதுங்குகுழி கட்டினார்கள். ஓவர்சீயர் கைலாசநாதன் எவரையும் லேசில் நம்பாதவர். குழியின் வாசலில் ஈரக் கம்பளித் திரைகள் இரண்டு, இரண்டடி இடைவெளியில் தொங்கின.

"காத்தே புகாது, சுவாமி," என்றார் காண்டிராக்டர் லிங்கப்பா.

"அப்போ உள்ளே போய் உட்காரும்."

லிங்கப்பா போய் உட்கார்ந்தார். கைலாசநாதன் வெளியே மிளகாய் வற்றலைக் கருக்கிவிட்டு உள்ளே நுழைந்தார். முதல் திரை விழுமுன்னே அடுத்தது விலகியது. புகையும் அவரோடு வந்தது.

லிங்கப்பா இருமிக்கொண்டே, "எத்தனை அடி இடைவெளி வேணும்?" என்றார்.

"ஆறு. முதல் திரை மூடினப்புறம்தான் அடுத்ததைத் தொடணும்."

வாசலை நீட்டிக் கட்டினார்கள். இம்முறை புகை வரவில்லை. அப்படியும் நம்பாமல், வேறு கடையில் மிளகாய் வாங்கி மறுபடி கருக்கிப் பார்த்த பிறகே கைலாசநாதன் லிங்கப்பாவின் பில்லில் கையெழுத்துப் போட்டார்.