களத்துக்கு வந்த பேனர்கள்

சூதாட்டத் தடைச் சட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். என் மச்சினன் செல்போனில் ரம்மி ஆடியே மோட்டார் சைக்கிளை விற்றவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு என்னை எதிர்க்கட்சிக்காரன் என்பார்கள்.

நன்னிலம் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வேலையோடு இரண்டு ஏக்கர் விவசாயமும் பார்க்கிறேன். அந்தத் தை மாதம் சம்பா நெல்லை அறுத்து, அரசுக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி ஒரு வாரமாகியிருந்தது. எடை போட ஆள் இருந்தார், மெஷின் இருந்தது, நெல்லைப் பிடிக்கச் சாக்கு இல்லை. கேட்டால், “லாரி கிளம்பிருச்சு சார்” என்பார்கள். வானம் வேறு மூட்டம் போட ஆரம்பித்தது. நனைந்தால் நெல் முளைத்துவிடும், ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பிவிடுவார்கள். என் தார்ப்பாயிலோ எலி கடித்த ஓட்டைகள்.

பக்கத்துக் குவியல் ஒரு அக்காவுடையது. ஒரு காலத்தில் கூலிக்கு நட்ட வயலையே வாங்கிச் சாகுபடி செய்கிறவர். நிலம் ஒரு ஏக்கர்தான், வாய் மூன்று ஏக்கர் இருக்கும்.

“புதன்கிழமைக்குள்ள சாக்கு வந்துரும்க்கா” என்றேன்.

“வராது சார். பந்தயம் வச்சுக்குவமா?”

வியாழக்கிழமை பக்கத்துத் திடலில் அமைச்சர் கலந்துகொள்ளும் சூதாட்ட ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம். பந்தயத்தில் தோற்றவர் அதில் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கைதட்ட வேண்டும் என்று முடிவானது. சூதாட்டத்தை ஒழிக்கிற கூட்டத்தை வைத்தே சூதாடினோம்.

புதன் மாலை லாரி வந்தது. களமே எழுந்து ஓடியது. நான் அக்காவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். படுதாவை விலக்கினால் உள்ளே சுருள் சுருளாகப் பிளெக்ஸ் பேனர்கள். எல்லாவற்றிலும் அமைச்சர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாக்குத் தவறாமல் மறுநாள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு ஆள் பிடித்த இடம் அரசு மதுக்கடை வாசல் என்பதால் பின்வரிசைகள் ரொம்ப உற்சாகமாக இருந்தன. மேடைக்குத் தகரக் கூரை, தரையெல்லாம் சிவப்புக் கம்பளம். அந்தச் செலவில் களத்துக்கு ஒரு கொட்டகை போட்டிருக்கலாம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. “அதிர்ஷ்டத்தை நம்பினவன் உருப்பட மாட்டான்” என்றார் அமைச்சர். ஒன்பது நாளாக வானத்தை நம்பி நெல்லைக் கொட்டி வைத்திருந்த நான் பலமாகத் தட்டினேன். அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது.

பந்தயமாவது ஒன்றாவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். களத்தில் அக்காவும் ஏழெட்டுப் பேரும் சாலையோரப் பேனர்களை அறுத்து வந்து குவியல்களை மூடிக்கொண்டிருந்தார்கள். என் நெல்லின் மேல் ஏற்கெனவே அமைச்சர் மல்லாந்து படுத்திருந்தார்.

“ஒங்க தார்ப்பாய் சல்லடையாச்சே சார். அதான் ஒங்களத முதல்ல மூடுனேன்” என்றார் அக்கா. அவருடைய குவியலில் ஒரு ஓரம் நனைந்திருந்தது.

மறுநாள் காலை ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார்.

“பேனரையெல்லாம் குடுத்துருங்க. சாயங்காலம் திருத்துறைப்பூண்டியில இதே கூட்டம் இருக்கு.”

யாரும் அசையவில்லை. அக்காதான் நிதானமாகச் சொன்னார்: “தாராளமா எடுத்துக்கங்க சார். நெல்லுக்கு மேலதான் கெடக்கு. மொதல்ல நெல்ல எடை போடச் சொல்லுங்க, பேனர் தன்னால கைக்கு வந்துரும்.”

அதிகாரி வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தள்ளிப்போய் போனில் பேசினார். பத்து நாளாகக் கிளம்பிக்கொண்டே இருந்த லாரி இரண்டு மணி நேரத்தில் சாக்கோடு வந்து நின்றது.

என் குவியல் ஒரு நெல்மணிகூடக் குறையாமல் எடை ஏறியது. அக்காவின் குவியலில் நனைந்த ஓரத்தை மட்டும் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த நெல்லைக் களத்தில் பரப்பி, பொழுது சாயும்வரை காலால் கிளறிவிட்டேன்.