ஜன்னல் சாத்திய நாற்பத்தெட்டு நாள்

நான் டிராக்டர் மெக்கானிக். முப்பது வருஷமாக டீசலும் கிரீஸும் குடித்த மூக்கு இது. எலி செத்து நாறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பேன். அதனால்தான் என் மனைவி பட்ட பாடு எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. மீதி என் திமிர்.

செஞ்சியில் கோட்டை மலை தெரிகிற மாதிரி வீடு கட்டினோம். வைகாசியின் கடைசி முகூர்த்தத்தை விட்டால் ஆவணிதான் என்றார்கள். அதுவரைக்கும் யார் பொறுப்பது? பெயிண்டரை விரட்டி, தச்சரை விரட்டி, குடிபோவதற்கு இரண்டு நாள் முன்புதான் அலமாரிகளுக்கு வார்னிஷ் அடித்து முடித்தோம். பெயிண்டர் கிளம்பும்போது, "அண்ணே, ஒரு பதினஞ்சு நாளாவது ஜன்னலத் தொறந்து போடுங்க, காயட்டும்" என்றான். சரி சரி என்று தலையாட்டி அனுப்பினேன்.

குடிபோன வீட்டில் ஒரு மண்டலம் விளக்கு அணையக் கூடாது, நாற்பத்தெட்டு நாளும் வீட்டுக்காரி வெளியே தங்கக் கூடாது என்று என் அக்கா சொன்னாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனி பிறந்ததும் மலைப் பக்கமிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. விளக்கு ஆடியது. ஜன்னல்களை எல்லாம் நான்தான் சாத்தினேன். கதவின் கீழ் இடுக்கில் பழைய துணி வேறு திணித்தேன்.

நாலாம் நாளே என் மனைவிக்குத் தலைவலி ஆரம்பித்தது.

"இன்னாமோ நெடி அடிக்குதுங்க. கண்ணு எரியுது, தொண்ட அறுக்குது."

"புது வூடுன்னா அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியலயே?"

அக்கா வந்து பார்த்துவிட்டு, கண் பட்டுவிட்டது என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்குச் சாம்பிராணி போட்டாள். நான் என் பங்குக்கு மல்லிகை வாசனை ஸ்பிரே வாங்கி வந்து ரூம் ரூமாக அடித்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. அடப்பாவி என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இருபதாம் நாள் மதியம் சாப்பிட வந்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு நாளு பனமலைக்குப் போயி அம்மா வூட்ல படுத்துட்டு வந்துடறேன். முடியலங்க."

"இன்னும் இருபத்தெட்டு நாளு. பல்லக் கடிச்சிக்கினு இரு. ஊரே வந்து சாப்ட்டுட்டுப் போன வூடு. பொண்டாட்டி ஓடிட்டாள்னு நாலு பேர் பேசணுமா? நடிக்காத, உள்ள போ."

எழுந்து உள்ளே போனாள். சோறு போட்டாள். நான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

விளக்கு நாற்பத்தெட்டு நாளும் அணையவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் குளியலறையிலிருந்து வெளியே வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் காரில் தூக்கிப் போட்டு விழுப்புரம் கொண்டுபோனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தீர்களா, ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்டார். அவள்தான் மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னாள்.

"காத்து ஜாஸ்தி சார். அதான் சாத்தி வச்சிருந்தோம்."

அந்த நிலைமையிலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

முதலில் அந்த வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். சிலருக்கு ஒருமுறை இப்படி ஆகிவிட்டால் பிறகு எந்த வாசனையும் ஆகாது, விலகி இருப்பதுதான் வழி என்றார். அப்படியே ஆனது. சோப்பு ஆகாது, பவுடர் ஆகாது, ஊதுபத்தி ஆகாது. கோயிலுக்குப் போக முடியாது, கல்யாணத்துக்குப் போக முடியாது. அனந்தபுரம் போகிற வழியில் இருக்கும் எங்கள் கழனியில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்தேன். மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். பக்கத்துக் கழனியில் பூச்சிமருந்து அடித்தால், அங்கேயும் இருக்க முடியாமல் பாறை மேட்டுக்கு ஓடிப்போய் வெயிலில் உட்கார்ந்துகொள்வாள்.

தினமும் சாயந்திரம் கடலைமாவு தேய்த்துக் குளித்து, வெறும் தண்ணீரில் அலசிய வேட்டியைக் கட்டிக்கொண்டு போவேன். அப்படியும் நகக்கண்ணில் டீசல் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் அவளை அறியாமலே உடம்பு பின்னால் போகும். பத்தடி தள்ளி உட்கார்ந்து பேசுகிறேன்.

போன வாரம் ஆசையாகச் சொன்னேன்.

"வூட்ல இப்ப நெடியே இல்லன்னு அக்கா சொல்லுது. எல்லா ஜன்னலயும் தொறந்து வச்சிருக்கேன். ஒரு ஆறு மாசம் போவட்டும், நீ வந்துடலாம்."

என் கையைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நான் அன்னிக்கு ஒரு நாளுதானங்க கேட்டேன்" என்றாள்.