அம்மாவின் வேலி முடிச்சு

டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் பேத்தி நகப்பூச்சுப் போத்தலைத் திறந்தாள். அது என் ஐயாவின் சட்டை வாசம்.

இரண்டாம் உலக யுத்த காலம், எனக்கு ஏழு வயது. கப்பல் தட்டிலிருந்து எழும்பி டோர்பிடோக் குண்டு போடுகிற இரட்டைச் சிறகு விமானத்தைச் எங்கள் ஊர்ச் சீனன்குடா விமானத்தளத்தில் வெள்ளைக்காரர் திருத்திப் பார்த்தார்கள். பாரத்தைக் கூட்டினால் சிறகுத் துணி பிரிந்தது. தையல்காரரான ஐயாவைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டை தைப்பதுபோல் ஒரே நூலில் ஓட்டித் தைத்தார். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை சோதிக்க ஓரிடத்தில் நூலை வெட்டினார், முழுத் தையலும் கழன்றது. நாளைக்கும் பிழை வந்தால் வேலை இல்லை என்றார்.

அன்று பின்னேரம் அம்மா சொன்னா: "இஞ்சேருங்கோ, தென்னோலைக் கிடுகு வேலி அடைக்கேக்கை அந்தப் பக்கம் நிண்டு கயிறு வாங்கித் தாறது நான்தானே. ஒவ்வொரு கட்டுக்கும் தனி முடிச்சு. ஒண்டு அறுந்தாலும் மற்றது நிக்கும்."

ஐயா அப்படியே தனித்தனி முடிச்சாகப் போட்டார். துரை வெட்டினார், ஒரு முடிச்சுத்தான் போனது. பிறகு அந்தச் சிறகுத் துணி இறுகப் பூசி, ஐயாவின் சட்டையிலும் ஒட்டிய பசைமருந்தின் வாசம்தான் இது.

டோர்பிடோவோடு அந்த விமானம் எங்கள் கூரைக்கு மேலால் போனபோது எல்லோரும் காதைப் பொத்தினோம். அம்மா அண்ணாந்து பார்த்து, "என்ரை வேலி போகுது" என்றா.

"அம்மம்மா, ஸ்மெல் கூடிப்போச்சா? விண்டோ திறக்கவா?"

"வேண்டாம் பிள்ளை. என்ரை விரலுக்கும் பூசிவிடு."