ஏழு வரிசைப் புள்ளி

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். என் வீட்டுக்காரரின் அண்ணனைப் பற்றியது. அவர் இருக்கும்வரை எழுதக் கை வரவில்லை.

ஆரியசாலையில் எங்களுக்கு மிளகாய் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் வீடு. அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான சமயம், என் மகள் மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் திக்கிவிடுவாள். நான் படித்தது நாலாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த கோலப் புள்ளியை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். வரிசைக்கு ஐந்து புள்ளி, அப்படி மூன்று வரிசை, எண்ணினால் பதினைந்து. குழந்தை பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் கேட்டுச் சரின்னு சொன்னாத்தான் இனி பள்ளிக்கூடம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பி குடித்துக்கொண்டே அண்ணன் கேட்டார்: "எட்டி, ஏழேழு எத்தர?"

அவள் தண்ணீரில் விரலைத் தொட்டுத் தரையில் புள்ளி வைத்தாள். நாலு, ஐந்து, ஆறு, நடுவில் ஏழு, திரும்ப ஆறு, ஐந்து, நாலு. காலையில் வாசலில் போட்ட இடுக்குப்புள்ளிக் கோலம் அப்படியே வந்துவிட்டது. வரிசை ஏழுதான், ஆனால் நடுவரிசையில் மட்டுமே ஏழு புள்ளி. எண்ணிவிட்டு, "முப்பத்தேழு பெரியப்பா" என்றாள்.

அவர் கடை ஆட்களைக் கூப்பிட்டார். "வாங்கடே, கணக்குப் புலி இருக்கு, வந்து காணுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பெற்றவரும்.

"நேர்புள்ளியா ஒருதடவ வைக்கட்டும்" என்றேன்.

"ஒன்ன யாரு கேட்டா? அம்மை வாத்தியாரு, மக சிஷ்யை, கொள்ளாம், பலே! எட்டி, தொடை. பாவாடையால தொடை."

புதுப் பாவாடை. துடைத்தாள். அந்த ஈரத்திலேயே மறுபடி வைத்தாள், நேராக, ஏழு ஏழாக. "நாப்பத்தொம்பது" என்றாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் புள்ளிகள் மேலேயே நடந்து போனார்.

"கோலம் போடத்தான் லாயக்கு" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் அவள் சிலேட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

கல்யாணமாகிப் போகும்வரை வாசலில் அவள்தான் கோலம். எந்தப் பண்டிகையானாலும் நேர்புள்ளி, ஏழுக்கு ஏழு. பெரியப்பா மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். "இன்னைக்கு எத்தரட்டி?" என்பார். அவள் மிதிபட்ட புள்ளியைத் திரும்ப வைப்பாள்.

நேர்ந்த தேங்காயை நான் உடைத்தேன். பிள்ளையார்மேல் குறையில்லை. குழந்தை சரியாகத்தான் சொன்னாள்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் அவளுக்காக முப்பத்தேழை மறைக்க வேண்டாம். நாற்பத்தொன்பதையும் விட்டுவிட வேண்டாம். இரண்டையும் நடந்தபடியே சொல்லுங்கள்.