பன்னிரண்டு கொளுக்கிகள்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் இரண்டு வருடமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். ஃபெர்ஸ்ட்லியில் தொடங்கி, மோர்ஓவர், ஹவெவர், ஒன் த அதர் ஹான்ட், தெயர்ஃபோர் என்று இறங்கி, இன் கொன்குளூஷனில் முடியும். முதலாவதாக, மேலும், இருந்தாலும், மறுபுறத்தில், ஆகவே, முடிவாக என்று பக்கத்தில் தமிழிலும் எழுதி வைத்திருந்தேன். பால் எடுக்கத் திறக்கும்போதும் சொல்லுவேன், மூடும்போதும் சொல்லுவேன். "அம்மா பிரிட்ஜோடை கதைக்கிறா" என்று மகள் சிசிலித்தீவுக்காரரின் இழுவையோடு சிரிப்பாள். சிரிக்கட்டும். எனக்கு அது வேலை சம்பந்தப்பட்ட விஷயம்.

பல்லேர்மோ நகரத்தின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில் ஒரு ஹொட்டேலில் ஒன்பது வருடமாக நான் அறை துப்புரவாக்குகிறேன். கீழே வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒருத்தி வேலையை விட்டுப் போகப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே மனேஜரிடம் போய், அந்த இடத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். என் இத்தாலியன் அவருடைய இத்தாலியனுக்குக் குறைந்ததல்ல. விருந்தினர் என்னிடம்தான் வழி கேட்பார்கள், பஸ் கேட்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடை எங்கே என்று கேட்பார்கள். மனேஜர் புன்னகைத்தார். "பிராவா," என்றார். "பெரோ…"

இத்தாலியனில் பிராவா என்றால் கெட்டிக்காரி, பெரோ என்றால் 'ஆனால்'. அந்த மனிதரின் வாயில் கெட்டிக்காரி என்ற சொல் வந்தால் பின்னாலேயே இந்த ஆனாலும் வரும். மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு அரை நாள் லீவு கேட்டேன். பிராவா, பெரோ இது ஜூன் மாதம், சீசன் தொடங்கிவிட்டது. இரண்டாம் மாடிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். பிராவா, பெரோ மூன்றாம் மாடி உனக்குத்தான் பழக்கம். இந்த முறை, பெரோ ஆங்கிலச் சான்றிதழ் வேண்டும். கொண்டு வந்தால் இடம் உனக்கு, அதுவரை தற்காலிகமாக ஆட்களை வைத்துச் சமாளிப்பேன் என்றார். கொண்டுவர மாட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னார். அது எனக்கு விளங்கியது, விசரும் வந்தது.

அந்தச் சான்றிதழுக்குப் பேசவும் கேட்கவும் வாசிக்கவும் சோதனை உண்டு. அதெல்லாம் சமாளிக்கலாம். கடைசியில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். அதற்காகத்தான் மாஸ்டரிடம் போனேன். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே காலையில் ஒரு வயதான இத்தாலிய ஐயாவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பின்னேரத்தில் பல்லரோ சந்தைக்குப் பின்னால் தன் சமையலறை மேசையில் எங்கள் ஐந்து பேருக்குப் படிப்பிப்பார். பிரிட்ஜ் தாளில் இருந்த இணைப்புச் சொற்களை அவர் கொளுக்கி என்பார்.

"வசனம் சும்மா கிடக்கிற சாமான், பிள்ளையள். கொளுக்கி போட்டால்தான் ஒண்டோடை ஒண்டு நிக்கும். பன்னிரண்டு கொளுக்கியும் விழுந்திருந்தால் எந்தத் தலைப்பும் பாஸ்."

கொளுக்கிகளுக்கு நடுவில் போடுவதற்கும் அவரே பாடமாக்கத் தந்திருந்தார். எந்தத் தலைப்பு வந்தாலும் உதாரணத்துக்கு ஒரு டொக்டர் வருவார். 'எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டொக்டர்' என்று தொடங்கும் நாலு வரி. டொக்டர் கைத்தொலைபேசி பாவிப்பார், டொக்டர் மரம் நடுவார், டொக்டர் பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்வார். இன்னொரு சட்டமும் இருந்தது. இரண்டு பக்கமும் சொல்லவேண்டும், ஒரு பக்கத்தில் நிற்கக்கூடாது. நானும் யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் இரவல் கட்டுரையைப் பாடமாக்கிப் பாசானவள்தான். அதனால் எனக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. முதல் தரம் பெயிலானபோதுகூட, பத்துக் கொளுக்கிதான் போட்டேன், இரண்டை மறந்துவிட்டேன் என்றுதான் என்னை ஏசிக்கொண்டேன்.

இரண்டாம் தரம் மாஸ்டரிடம் படித்த மூன்று பேர் ஒன்றாகப் போனோம். நான், மன்னார் அக்கா ஒருவர், பகேரியாவிலிருந்து ரயிலில் வரும் ஒரு தங்கச்சி. தாளைத் திருப்பினேன். கடற்கரைகள் எல்லாருக்கும் இலவசமாக இருக்கவேண்டுமா என்று கேட்டிருந்தது.

எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. கோடை வந்தால் மொண்டெல்லோ மணல் முழுக்க மரக் குடில்கள் வரிசையாக எழும்பிவிடும். பணம் கட்டியவருக்குக் குடிலின் திறப்பு கையில். மற்றவருக்கு ஓரத்தில் ஒரு துண்டு மணல். ஒரு ஞாயிறு நாங்கள் குடும்பமாகச் சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போய் இருந்தோம். கழுத்தில் விசில் கட்டிய காவலாள் ஒருவன் வந்து, எங்கள் பாயின் மூலை, காசு கட்டும் பக்கத்தைப் பிரிக்கிற கயிற்றுக்கு அந்தப்பக்கம் போய்விட்டதாம், இழு என்று காலால் காட்டினான். காலால்! ஒன்பது வருடமாக அந்தக் கடலை நான் மற்றவர்களின் அறை யன்னலால்தான் பார்க்கிறேன். இந்தத் தலைப்பில் அந்த மண்டபத்தில் என்னைவிட ஒருவருக்கும் கூடச் சொல்ல இருந்திருக்காது.

நான் எழுதியது என்ன தெரியுமா? முதலாவதாக, இலவசக் கடற்கரை நல்லது. மேலும், அது மகிழ்ச்சி தரும். மறுபுறத்தில், கட்டணக் கடற்கரை சுத்தமானது. உதாரணமாக, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டொக்டர். அவர் வேலை முடிந்து கட்டணக் கடற்கரைக்குப் போய் இளைப்பாறுகிறார். பன்னிரண்டு கொளுக்கியும் விழுந்துவிட்டன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, என்ன உதாரணம் குடுத்தனீங்கள்?"

"டொக்டர்தான்."

"என்ரையும் டொக்டர்தான். எங்கை போனவர்?"

"காசு கட்டுற பீச்சுக்கு."

"ஐயோ, என்ரை ஆளும் அங்கைதான் போனவர்!"

முன் இருக்கையில் இருந்த மன்னார் அக்கா திரும்பி, "மாதாவே, என்ரை டொக்டரும் அங்கைதானடி நிண்டவர்" என்றார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பல்லேர்மோவில் மூன்று தமிழச்சிகளுக்குப் பக்கத்து வீட்டில் ஒரே டொக்டர்! உண்மையில் என் பக்கத்து வீட்டில் இருந்தவர் கடலைமாவில் பனெல்லே பொரித்துத் தெருவில் விற்கிறவர். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது என் சிரிப்பு நின்றுவிட்டது. பாயை இழு என்று காலால் காட்டியவனுக்கு நான் எழுத்தில் நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த வெட்கம் அடங்க நாள் எடுத்தது.

மூன்று பேரும் பெயில். மூன்று பேருக்கும் கட்டுரையில்தான் அடி. புள்ளித் தாளைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் காட்டினேன்.

"பன்னிரண்டையும் போட்டனீரோ?"

"போட்டனான் மாஸ்டர். கொளுவுறதுக்குத்தான் ஒண்டும் இருக்கேல்லை."

"உதென்ன கதை?"

"அந்த டொக்டரை நான் இனிக் கூப்பிடமாட்டன் மாஸ்டர். அவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "எத்தினை பேரை உந்த டொக்டரை வைச்சுப் பாசாக்கினனான் தெரியுமே? சரி, தனிய எழுதிப் பாரும். மூண்டாந்தரமும் விழுந்துபோட்டு இஞ்சைதான் வருவீர்."

"விழுந்தாலும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். நல்ல மனிதர், எனக்குப் பால் விடாத பிளேன்டி ஊற்றித் தந்த மனிதர். ஆனாலும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் தாளைக் கழற்றிப் பின்பக்கத்தில் மரக்கறிப் பட்டியல் எழுதினேன். அன்று இரண்டு அவித்த முட்டையைத் தின்றுவிட்டு அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கிழமையே ஹொட்டேலில் ஒரு பிரச்சினை வந்தது. மூன்றாம் மாடியில் தங்கிய ஓர் இங்கிலாந்துக்காரர், இரண்டு நாளாகத் தன் அறைக்கு ஒருவரும் வரவில்லை என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாம் மாடி என்னுடையது. மனேஜர் கூப்பிட்டு, நடந்ததை இத்தாலியனில் எழுதித் தா, போனில் போட்டு மொழிபெயர்த்து அனுப்புகிறேன் என்றார். ஆங்கிலத்திலேயே எழுதுகிறேன் என்றேன். சிரித்தார்.

துணி வைக்கும் அறையில், மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் தாளை வைத்துக்கொண்டு அந்த விருந்தினருக்கே நேராக எழுதினேன். பத்து மணிக்கு வந்தேன். தொந்தரவு செய்யவேண்டாம் என்ற அட்டை தொங்கியது, ஆகவே போய்விட்டேன். ஒரு மணிக்கும் அட்டை தொங்கியது. அட்டை இருந்தால் தட்டக்கூடாது என்பது எங்களுக்குச் சட்டம், இருந்தாலும் தட்டினேன், ஏனென்றால் கதவின் கீழால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நீங்கள் உள்ளேயிருந்து கத்தினீர்கள். ஆகவே துவாய்களை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். அடுத்த நாளும் இரண்டு தரம் வந்தேன். நான் வரவில்லை என்கிறீர்கள். நான் நாலு தரம் வந்தேன், ஆனால் கதவு திறக்கவில்லை.

பழக்கதோஷத்தில் கொளுக்கிகளை எண்ணினேன். போட்ட நினைவே எனக்கு இல்லை, ஆனால் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. கோபத்தில் இருக்கிறவளுக்கு 'ஆகவே' எங்கே வரும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மனேஜர் நின்றபடியே வாசித்தார். திருப்பி ஒருமுறை வாசித்தார். "இதை யார் எழுதித் தந்தது?"

"நான்."

"மகளா?"

"மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். நான்தான் எழுதினேன்."

"பிராவா," என்றார். "பெரோ சான்றிதழ்…"

"கொண்டு வருவேன்" என்று சொல்லிவிட்டு என் துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் போனேன். அடுத்த நாள் அந்த விருந்தினர் தன் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார்.

பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இருந்து நாளுக்கு ஒரு சண்டை எழுதினேன். பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை, வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் போனால் ஏன் ஒரே தாளை மூன்று தரம் கேட்கிறார்கள், படுக்கையில் சப்பாத்தோடு படுப்பவர்களை என்ன செய்யலாம். என் அவர் ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேரும், தமிழிலை பிடிச்ச சண்டை காணாதெண்டு இப்ப இங்கிலீசிலையும் தொடங்கியாச்சே?"

"ஓம். அடுத்தது உங்களைப் பற்றித்தான்."

"எழுதும், எழுதும். எனக்கு வாசிக்கத் தெரியாது, தப்பினன்."

மூன்றாம் தரம். சுற்றுலாப் பயணிகள் ஒரு நகரத்துக்கு நன்மை மட்டுமே செய்கிறார்கள், ஏற்கிறீர்களா என்று கேட்டிருந்தது. கை பழைய பழக்கத்தில் 'ஃபெர்ஸ்ட்லி' என்று எழுதத் தொடங்கியது. வெட்டினேன். ஏற்கவில்லை என்று எழுதித் தொடங்கினேன். உதாரணத்துக்கு என் உண்மையான பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பனெல்லே பொரிக்கிறவர். அவர் இருந்த வீட்டைச் சொந்தக்காரர் பயணிகளுக்கு வாடகைக்கு விடப் போவதால், முப்பது வருடமாக இருந்த இடத்தை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். இப்போது அவருடைய கதவில் இலக்கம் அழுத்தித் திறக்கிற பூட்டு இருக்கிறது. அதை எழுதியபின், ஹவெவர் என்று ஒரே ஓர் இடத்தில் போட்டேன். இருந்தாலும், அந்தப் பயணிகள் வராவிட்டால் என் மகளின் தட்டில் சோறு இல்லை. அது எனக்குச் சொல்லக் கூச்சமான உண்மை. அந்த ஹவெவர் ஒருவரும் பாடமாக்கித் தந்தது அல்ல.

தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். விழுந்தால் விழட்டும், இந்த முறை என் சொந்தச் சொல்லில் விழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழவில்லை. பாஸ். முதலில் மாஸ்டரிடம்தான் போனேன். தோற்றுத் திரும்பி வரமாட்டேன் என்றுதானே சொன்னேன், வென்று போகமாட்டேன் என்று சொல்லவில்லையே. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புள்ளியைப் பார்த்தார். "டொக்டர் வந்தவரே?" என்று கேட்டார். "இல்லை மாஸ்டர், பனெல்லே பொரிக்கிறவர் வந்தவர்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, இரும், பிளேன்டி குடிச்சிட்டுப் போம்" என்றார்.

அடுத்த நாள் காலை, சீருடையோடு, துப்புரவு வண்டியை லிஃப்டுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, சான்றிதழை வரவேற்பு மேசையில் மனேஜருக்கு முன்னால் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். பெயரைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பிராவா," என்றார். "பெரோ…"

நான் மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தச் சொல்லைப் போட்டால் அதற்குப் பிறகு ஏதாவது இருக்கவேண்டும். பிறகு ஒன்றும் இல்லாமல் அதைப் போட்டு நான் இரண்டு தரம் பெயிலாகியிருக்கிறேன். இப்போது அவருடைய முறை.

"பெரோ?" என்று கேட்டேன்.

மேசையில் இருந்த போன் அடிக்கத் தொடங்கியது. அவர் சான்றிதழைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என் சீருடையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டிருந்தது.

"பெரோ என்ன?" என்றேன் மறுபடியும்.

"ஒன்றுமில்லை," என்றார் கடைசியில். "திங்கட்கிழமை ஏழு மணிக்கு இந்த மேசைக்கு வா."

திங்கட்கிழமை வரைக்கும் அந்த போன் அடித்துக்கொண்டே இருக்குமா? நான் மேசையைச் சுற்றி உள்ளே போய், அதை எடுத்து, "குட் மோர்னிங்" என்றேன்.