ஈரத்துணி சுற்றிய சீசா

வெற்றிலைக்கு ஈரத்துணி சுற்றுவதில் என் வீட்டுக்காரரை யாரும் மிஞ்ச முடியாது. பழைய வேட்டிக் கிழிசலை நனைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காமல் முறுக்கிப் பிழிந்த பிறகுதான் சுற்றுவார். தண்ணீர் நின்றால் வெற்றிலை அழுகிவிடும் என்பார். எங்கள் கரிசல்காட்டு வெயிலில் வாடக்கூடிய எதையும் அப்படித்தான் காப்பாற்றுவோம். இப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆனாலும் ஈரத்துணியைத் தொட்டால் எனக்கு ஒரு மருந்துச் சீசாதான் நினைவுக்கு வரும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை. மூன்று வருஷமாக அருப்புக்கோட்டை டாக்டரம்மாவிடம் வைத்தியம். நாள் கணக்குப் பார்த்து மாத்திரை, ஊசி. குழாய் அடைத்திருக்கிறதா என்று காற்றுச் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு முறை கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பிள்ளைகள் போதும் என்று சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கும். அதன் கீழேதான் நான் பிள்ளை கேட்டு உட்கார்ந்திருப்பேன். நாள் இரண்டு தள்ளிப்போனால் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவேன். மாமியார் என் முகத்தைப் பார்க்க மாட்டார். கொடியில் என்ன துணி காய்கிறது என்றுதான் பார்ப்பார்.

அந்த வருஷம் பருத்தி எடுத்து முடிந்ததும் மாமியார் பட்டென்று சொல்லிவிட்டார். தன் அண்ணன் மகளை என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாகப் பேசிவிட்டாராம். ஆவணி வரைதான் பொறுப்பாராம். அவரைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். என்னைப் பட்டினி போட்டதில்லை, கை நீட்டியதில்லை. அவருக்குப் பேரன் வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். இனி உன்னிடம் பார்க்க ஒன்றுமில்லை, உன் புருஷனைச் சோதிக்க வேண்டும் என்றார். ஆம்பளையைச் சோதிப்பதா? எங்கள் பக்கம் அப்படி ஒரு பேச்சே கிடையாது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் முடியாது என்று எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவர் சரியென்று தலையாட்டினார். கம்பவுண்டர் அவரை மட்டும் வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். ஆம்பளைகள் பேச்சு என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுவாரம் காலையில் ஈரத்துணி சுற்றிய சீசாவை என் கையில் கொடுத்து, நீயே கொண்டுபோ என்றார். வர வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சேலை நனைந்து தொடை சில்லிட்டது.

ஒரு விந்தணுகூட உயிரோடு இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். இன்னொரு தடவை பார்க்கலாம் என்றதற்கு என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். அன்று சாயங்காலம் என்னையும் வைத்துக்கொண்டே தாயாரிடம் சொன்னார்:

“ஆத்தா, கொறை எங்கிட்டத்தான். இன்னொருத்தியக் கூட்டியாந்து அவளையும் மலடியாக்காத.”

ஆவணியில் அந்தப் பெண்ணைத் திருச்சுழிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சில மாதம் கழித்துக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனபோது, அதே கம்பவுண்டர் வேறொரு சம்சாரியிடம் சொல்வது என் காதில் விழுந்தது. “எடுத்து ஒரு மணி நேரத்துல வந்துரணும். இடுப்புல சொருகிக்கங்க, உடம்புச் சூடு இருக்கணும். குளுந்து போச்சுன்னா அம்புட்டும் செத்துரும்.”

வெற்றிலையைப் போலப் பொத்திக் கொண்டுபோய்க் கெடுத்துவிட்டோமே! வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுபடி சோதித்து, அவரிடம் குறையில்லை என்று வந்துவிட்டால்? விரல் என் பக்கம் திரும்பும். வேறொரு பெண் வருவாள். வாயை மூடிக்கொண்டேன். டீக்கடையில் அவரை ஜாடை பேசுவார்கள்; அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். அவருக்குச் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவர் மானத்தைக் கொடுத்து என் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொண்டவள் நான் என்றுதான் பல வருஷம் இருந்தேன்.

மாமியார் இறந்து காரியம் முடிந்த மத்தியானம், இனிமேல் பயமில்லை என்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“தெரியும். கம்பவுண்டரு எங்கிட்டத்தான சொன்னாரு. முந்துன நாளே எடுத்து, பானைத் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருந்தேன்.”

வெற்றிலையை மடித்துக்கொண்டே தொடர்ந்தார்.

“ரெண்டாந்தடவ சுரண்டிட்டு வந்தப்ப பஸ்ஸுல கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே வந்த. சேலையில ரத்தம். யாரும் பாத்துராம நான் பின்னாடி மறைச்சு நின்னேன். போதும்னு தோணுச்சு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. வலித்தது என் உடம்பு. போதுமா வேண்டாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்றாவது தடவையில் பிள்ளை தங்கியிருந்தால்? மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று காலை சாமிக்கு வாங்கிய வெற்றிலைக்கு ஈரத்துணியைப் பிழியும்போது அந்த பஸ் பயணம் நினைவுக்கு வந்தது. அத்தனை வருஷத்தில் அந்தத் துணி ஒன்றைத்தான் அவர் பிழியாமல் சுற்றியிருந்தார். என் மடியில் சொட்டிக்கொண்டே வந்தது, நான்தான் கவனிக்கவில்லை.