அறுபது என்று எழுதிய ஐந்து அடுப்புகள்

எண்ணத் தெரிந்தவன் வாயைத் திறந்தால் இந்த ஊரில் யாருக்கும் பிடிக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பம்ப் ஸ்டவ் பட்டறையில் சோதனைப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் நானும் ஒரு ஃபிட்டரும், ஆக இரண்டு பேர்.

தீபாவளிக்கு முன் தியாகராய நகர்க் கடை ஒன்றுக்கு நானூறு அடுப்புகள் போக வேண்டும். குழாயைப் பற்றவைக்கும் பித்தளை ஒட்டின் முறையைப் புதிதாக மாற்றியிருந்தோம். அது விட்டுப்போனால் கொதிக்கும் மண்ணெண்ணெய் சமைப்பவள் முகத்தில் அடிக்கும். அறுபது அடுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் எட்டு மணி நேரம் எரித்துப் பார்க்கச் சொன்னேன். நூற்றுக்கு ஐந்து பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே அடுப்பை எடுத்தால் நான்கில் மூன்று தடவை ஒரு பழுதும் கையில் சிக்காது. அறுபது எடுத்தால் தப்புவது அரிது.

இரண்டு நாள் காய்ச்சலில் மயிலாப்பூரில் படுத்துவிட்டுத் திரும்பினேன். என் கையெழுத்துக்காகச் சோதனைத் தாள் தயாராக இருந்தது: சோதித்தவை அறுபது, பழுது இல்லை. மூலையில் ஐந்தே அடுப்புகள், மேலே ஆயுத பூஜைச் சந்தனம். பூஜையில் வைப்பதற்கென்று பார்த்துப் பார்த்துச் செய்தவை.

"இன்னா சார் கோவம்?" என்றான் ஃபிட்டர். "அஞ்சு அடுப்பு, பன்னண்டு தபா கொளுத்துனேன். அறுபதா இல்லியா, நீயே சொல்லு. மொதலாளிதான் பூஜ அடுப்ப எடுக்கச் சொன்னாரு."

முதலாளி திருநெல்வேலிக்காரர். சிரித்தார். "சீமெண்ண கெடைக்காத காலத்துல அறுபது அடுப்ப எரிக்கணுமாம்! சோறு வெந்துச்சான்னு பாக்க ஒம்ம வீட்டுல பானை முழுக்கவா நசுக்குதீரு?"

"அது ஒரே பானை, ஒரே தீ. இது நாலு பேர் கையால நானூறு தடவை வச்ச ஒட்டு!"

"நீரு கையெழுத்துப் போடலேன்னா அவன் போடுவான்வே" என்று ஃபிட்டரைக் காட்டினார்.

அவன் கையெழுத்துப் போட்டு, ஒரு வீட்டில் தீப்பிடித்தால் போலீஸ் அவனைத்தான் இழுத்துக்கொண்டு போகும். பேனாவைப் பிடுங்கி அறுபதை அடித்து, ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதைப் பார்த்த பிறகு எந்தக் கடைக்காரனும் சரக்கை இறக்க மாட்டான் என்று நம்பினேன், முட்டாள்.

தாள் சரக்கோடு கடைக்குப் போயிற்று. மறுநாள் கடை ஆள் அந்தத் தாளோடு வந்தான். "அடிச்சுத் திருத்தினது ஃபைல்ல ஏறாதாம் சார். வேற எழுதிக் குடு. சரக்கு வித்துக்கினு கீது."

எழுதினேன். ஐந்து என்றே, எண்ணிலும் எழுத்திலும்.

"அஞ்சுதான் பாத்திருக்கோம்யா, நானூறுல அஞ்சு!" என்று கத்தினேன்.

அவன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அதான் சார், இப்போ சுத்தமா கீது."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.